போர் கண்ட கவசம்: மினியேச்சர் வீரனுக்கு அடியும் துருவும் தீட்டும் முறை

வீட்டில் பழைய அரிவாள்மனை இருந்தால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். காய் நறுக்கும் வாய் பளபளவென்று இருக்கும். அதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இரும்பு கருத்துக் கிடக்கும். பலகைக்குள் இறங்கும் கழுத்தில், கழுவிய தண்ணீர் தங்கும் இடத்தில் மட்டும், செம்பழுப்பாகத் துரு கட்டியிருக்கும். இரும்பு ஒன்றுதான். உரசல் படும் இடம் ஒரு நிறம், யாரும் தொடாத இடம் ஒரு நிறம், ஈரம் நிற்கும் இடம் இன்னொரு நிறம்.

இரண்டு அங்குலம்கூட இல்லாத ஒரு மினியேச்சர் வீரனின் கவசத்துக்கு அடிபட்ட தோற்றம் கொடுப்பதில் நான் கற்ற முக்கியமான பாடம் அந்த அரிவாள்மனையில் இருக்கிறது. கீறல், துரு, சேறு எதையும் அலங்காரத்துக்காக வைக்கக் கூடாது. அது அங்கே வர ஒரு காரணம் வேண்டும், எப்போது வந்தது என்பதும் பார்த்தவுடன் தெரிய வேண்டும். போன வருடம் வாங்கிய வெட்டு கருத்திருக்கும். இன்று காலையில் வாங்கிய வெட்டு மின்னும். கீழே உள்ள படிகளும் அந்தக் கால வரிசையில்தான் போகின்றன: பழைய அடி முதலில், அழுக்கு நடுவில், புது வெட்டு அதற்குப் பிறகு.

எடுத்துக்காட்டுக்கு வார்ஹாமர் என்ற மேசை விளையாட்டு உலகின் கேயாஸ் வாரியர் ஒருவனை வைத்துக்கொள்வோம். தலை முதல் கால் வரை தகட்டுக் கவசம். அதில் வண்ணம் அடித்த பகுதி உண்டு, வெறும் எஃகு உண்டு, ஓரமெல்லாம் பித்தளைக் கரை உண்டு. மூன்று விதப் பரப்பையும் ஒரே உருவத்தில் பழகிவிடலாம். உங்களிடம் இருப்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு வாங்கிய நைட்டாக இருந்தாலும் முறை இதேதான்.

பிரஷ் எடுப்பதற்கு முன்

உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா சுற்றிச் சுற்றிப் பாருங்கள். இவன் வலக்கைக்காரனா? அப்படியென்றால் கேடயம் இடது கையில். எதிரியின் அடி முதலில் விழுவது கேடயத்திலும் இடது தோளிலும். வாளுறை இடுப்பில் தொங்கினால், நடக்க நடக்க அது தொடைக்கவசத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். முழங்கை வளைவு, விரல் மூட்டு, தலைக்கவச முகமூடி திரும்பும் கீல் இவையெல்லாம் ஒன்றோடொன்று உரசும் இடங்கள். மழைத்தண்ணீர் எங்கே இறங்கி எங்கே நிற்கும்? தோள்தகடுகளின் அடுக்குக்குள், ரிவிட் தலைகளின் அடியில், இடுப்புக் கச்சையின் மேல்.

ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் விஸ்பி என்ற ஊர் இருக்கிறது. 1361இல் அங்கே டென்மார்க் அரசரின் படையிடம் உள்ளூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். பலரைக் கவசத்தோடே பெரிய குழிகளில் மொத்தமாகப் புதைத்துவிட்டார்கள். பின்னால் தோண்டி எடுத்த எலும்புகளில் வெட்டுக்காயங்கள் முழங்காலுக்குக் கீழே மிகுதியாக இருந்தன. இதைப் படித்த பிறகுதான் நான் காலுக்குக் கவனம் கொடுக்க ஆரம்பித்தேன். அதுவரை என் வீரர்கள் எல்லோருக்கும் மார்பில் மட்டும்தான் கீறல் இருக்கும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் தகட்டில் இரண்டு நல்ல வெட்டு வைத்துப் பாருங்கள், உருவம் சண்டையிலிருந்து நடந்து வந்ததுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்: இது பயன்பாட்டில் இருக்கும் இரும்பா, கைவிட்ட இரும்பா? உயிரோடு சண்டை போடுகிறவன் தன் கவசத்தைத் துடைத்து எண்ணெய் போடுவான். ஐரோப்பாவில் சங்கிலிக் கவசத்தை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டித் துரு எடுத்தார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1640களில் கட்டிய ஆயுதக் கிடங்கு ஒன்று இன்றும் சுமார் 32,000 பொருட்களோடு அப்படியே இருக்கிறது. அங்கே உள்ள சிப்பாய்க் கவசங்கள் பலவற்றில், சுத்தியல் பட்ட கருப்புப் பரப்பை அப்படியே விட்டுவிட்டு, பட்டைகளையும் ஓரங்களையும் மட்டும் மெருகேற்றியிருப்பார்கள். கருப்பாக விட்ட பரப்பு எளிதில் துருப்பிடிக்காது, செலவும் குறைவு. ஆகவே உயிருள்ள வீரனுக்குத் துரு மூலைகளில் மட்டும் போதும். கவசம் முழுக்கத் துரு பொங்குவது கல்லறையிலிருந்து எழுந்து வந்த எலும்புக்கூட்டு வீரனுக்குப் பொருத்தம்.

என்னென்ன வேண்டும்

வெள்ளி நிற அடிப்படைப் பெயிண்ட் ஒன்று. சிட்டாடல் என்ற பெயிண்ட் வகையில் லெட்பெல்ச்சர் நன்றாக மூடும். அதைவிடப் பளிச்சென்ற வெள்ளி ஒன்று, ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வர் போல. பித்தளைக்கு பல்தாசர் கோல்ட். இடுக்குகளில் இறங்கித் தங்கும் நீர்த்த கருப்பு வாஷ் ஒன்று, சிட்டாடலின் நுல்ன் ஆயில் போல. கருமை கலந்த அடர்பழுப்பு ஒன்று மிக முக்கியம்: சிட்டாடலின் ரைனாக்ஸ் ஹைட், அல்லது வயேஹோ என்ற நிறுவனத்தின் மாடல் கலர் வரிசையில் 70.822 எண்ணுள்ள ஜெர்மன் காமஃபிளாஜ் பிளாக் பிரவுன். இந்த வேலையில் பாதி அந்தப் பழுப்பால்தான் நடக்கும். ஒரு ஆரஞ்சு, ஒரு நீலப்பச்சை, கவசத்துக்கு நீங்கள் விரும்பும் வண்ணம் ஒன்று. நம் வீரனுக்கு அடர்சிவப்பு எடுத்துக்கொள்வோம்.

ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர் ஒரு சின்ன டியூப் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். அதைக் கரைக்க ஓவியப் பொருள் கடையில் வாசனையில்லாத டர்பன்டைன் கேட்டு வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் போய்ப் பொதுவாக ‘தின்னர்’ என்று கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னர் கொடுப்பார்கள். அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். முகம் உருகிப்போன உருவத்தை எதைப் போட்டும் மீட்க முடியாது.

பார்சலுக்குள் வரும் கருப்பு ஸ்பாஞ்ச் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அது வேண்டும். பிரஷ் இரண்டு போதும். தண்ணீர்க் கோப்பையும் இரண்டு வையுங்கள். வெள்ளிப் பெயிண்டில் உள்ள மினுக்குத் துகள் தண்ணீரில் மிதந்து, அடுத்துத் தொடும் சிவப்பிலும் ஒட்டிக்கொள்ளும்.

பிரைமரும் அடிப்படை வண்ணமும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருவத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கருப்பு பிரைமர் ஸ்பிரேயை 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, விட்டு விட்டு அடியுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். காற்றில் ஈரம் கனமாக இருக்கும் நாளில் ஸ்பிரே பொடிப்பொடியாக உட்காரும். மழைக்கால மாலை ஒன்றில் அவசரப்பட்டு அடித்து, ஐந்து உருவங்களின் பரப்பும் உப்புத்தாள்போல ஆனதை நான் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணிக்கு மேல் அடிப்பது நல்லது. இல்லாவிட்டால் பிரஷ்ஷில் பூசும் பிரைமரே போதும்.

அதன்மேல் கவசம் முழுவதும் லெட்பெல்ச்சர். வண்ணம் வரப்போகும் தகடுகளுக்கும் சேர்த்துத்தான். பெயிண்டைத் தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். காய்ந்ததும் வெறும் எஃகாக இருக்கப்போகும் பகுதிகளுக்கு நுல்ன் ஆயில். குளம்போல் தேங்கினால் காய்வதற்குள் பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிறகு வண்ணத் தகடுகளுக்குச் சிவப்பு, கரைகளுக்குப் பித்தளை. சிவப்பின் ஓரங்களில் கொஞ்சம் வெளிர்ந்த சிவப்பால் மெல்லிய ஹைலைட் கோடு. இந்த நிலையில் உருவம் கடையிலிருந்து நேராக வந்த புதுக் கவசம்போல இருக்கும். இருக்கட்டும். அழுக்கை நம்பி அடிப்படையில் அரைகுறையாக விட்டால் கடைசியில் எல்லாமே அழுக்காகத்தான் தெரியும்.

பழைய அடிகள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்.

ஸ்பாஞ்சைக் கத்தரியால் வெட்டாமல் விரலால் பிய்த்தெடுங்கள். பிய்ந்த முகம் ஒழுங்கில்லாமல் இருப்பதுதான் பயன். கடலை அளவு துண்டு போதும். அதைக் குறட்டில் பிடித்து, அடர்பழுப்பில் தொட்டு, உடனே டிஷ்யூ தாளில் ஒற்றி ஒற்றி முக்கால்வாசிப் பெயிண்டை எடுத்துவிடுங்கள். தாளில் தனித்தனிப் புள்ளியாக விழ ஆரம்பிக்கும்போதுதான் அது உருவத்துக்குத் தயார். பிறகு இடது தோள்தகட்டின் விளிம்பில் மெதுவாக ஒற்றுங்கள். விளிம்பில் நெருக்கமாகவும், உள்ளே போகப் போக அரிதாகவும். நடுப்பரப்பில் இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் வேண்டாம்.

ஆரம்பத்தில் நான் செய்த பிழை, உருவம் முழுக்க ஒரே அளவாக ஒற்றியது. மார்பு, தோள், முதுகு எல்லா இடத்திலும் ஒரே நெருக்கம். பார்ப்பதற்கு அடிபட்டதுபோல இல்லை, அம்மை போட்டதுபோல இருந்தது. கண்ணுக்கு ஓய்வு வேண்டும். ஒரு தகட்டில் நிறைய அடி இருந்தால் பக்கத்துத் தகட்டைச் சுத்தமாக விடுங்கள். முதுகில் அங்கியின் கீழே மறைந்திருக்கும் இடத்தில் வண்ணம் முழுசாக இருக்கலாம். அந்தச் சுத்தமான பகுதி இருந்தால்தான் மற்ற இடத்து அடி எடுபடும்.

ஸ்பாஞ்ச் வேலை முடிந்ததும் பிரஷ். ஒரு தழும்பை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். சிவப்புத் தகட்டின் விளிம்பை ஒட்டி ஸ்பாஞ்ச் விட்ட மூன்று புள்ளிகள் இருக்கின்றன. நுனி கூர்மையான பிரஷ்ஷில் அதே பழுப்பைக் கொஞ்சம் நீர்த்து எடுத்து, மூன்றையும் இணைத்து ஒரு கோணல்மாணலான தீவாக்குங்கள். அதன் நடுவில், ஓரம் தொடாமல், லெட்பெல்ச்சர் ஒரு பொட்டு. இப்போது பழுப்பு வளையத்துக்குள் எஃகு தெரிகிறது. அதாவது சிவப்பு உதிர்ந்து, ஓரத்தில் துரு பிடித்து, நடுவில் இரும்பு தேய்ந்திருக்கிறது. கடைசியாக, தீவின் கீழ் ஓரத்தை ஒட்டி வெளிர்சிவப்பில் ஒரு மயிரிழைக் கோடு. வெளிச்சம் மேலிருந்து வருகிறது. பள்ளத்தின் கீழ் உதடு மேல்நோக்கி இருப்பதால் அது வெளிச்சத்தைப் பிடிக்கும். அந்தக் கோடு விழுந்த நொடியில் தட்டையான பொட்டு பள்ளமாக மாறிவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்த நொடி அலுத்ததில்லை.

கோட்டின் அகலத்தில் கண்டிப்பாக இருங்கள். 28 மி.மீ. உருவங்கள் ஏறத்தாழ 1:56 அளவில் இருக்கும். நீங்கள் இழுக்கும் 1 மி.மீ. கோடு நிஜக் கவசத்தில் ஐந்தரை சென்டிமீட்டர் அகலப் பிளவு. வாள் கீறல் அப்படி இருக்காது. பிரஷ் நுனியில் பெயிண்ட் குறைவாக இருக்கட்டும், கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள், மூச்சை விட்டுக்கொண்டே இழுங்கள். எல்லாக் கீறலும் ஒரே திசையில் போகவும் வேண்டாம். ஆனால் ஒரே வாள் வீச்சு தோளிலிருந்து மார்புக்கு வழுக்கி வந்ததுபோல, இரண்டு தகடுகளிலும் ஒரே நேர்கோட்டில் ஒரு கீறல் தொடர்ந்தால் பிரமாதமாக இருக்கும்.

கேடயத்துக்கு வேறு வழியும் உண்டு. பழுப்பும் வெள்ளியுமாக அடிப்படை பூசி, வார்னிஷ் அடித்துக் காயவைத்து, அதன்மேல் தலைக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரேயை இரண்டு பூச்சு அடியுங்கள். காய்ந்ததும் சிவப்பு அக்ரிலிக். ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்டு, கட்டையான பிரஷ்ஷால் தேய்த்தால் சிவப்பு செதில் செதிலாக உரியும். அடியில் இருக்கும் ஹேர்ஸ்பிரே தண்ணீரில் கரைவதுதான் காரணம். எங்கே உரியும் என்பது முழுக்க உங்கள் கையில் இல்லை. அதனால் அகன்ற பரப்புக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

துருவும் களிம்பும்

துருவுக்கு மூன்று நிறம், அடர்ந்ததிலிருந்து பிரகாசமானதற்கு. முதலில் அதே அடர்பழுப்பை நன்றாக நீர்த்து, ரிவிட்டுகளைச் சுற்றியும் தகடு தகட்டோடு சேரும் இடுக்கிலும் விடுங்கள். காய்ந்ததும் அதில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, முதல் கறையைவிடச் சின்னப் பரப்பில் குத்திக் குத்தி வையுங்கள், பூச வேண்டாம். கடைசியாகச் சுத்த ஆரஞ்சு, ஊசிமுனை அளவில், ஒரு ரிவிட்டுக்கு ஒன்றோ இரண்டோ. ஆரஞ்சு கொஞ்சம் கூடினாலும் துரு போய்க் காவிப் பொட்டாகிவிடும்.

துரு ஒழுகும். ரிவிட்டிலிருந்து கீழ்நோக்கி, மேலே கொஞ்சம் அடர்த்தியாகவும் கீழே மறைந்தும் போகும் ஒரு மெல்லிய தாரை இழுங்கள். எந்தத் திசை கீழ் என்பதை உருவத்தின் நிலை தீர்மானிக்கட்டும். கையைத் தூக்கி நிற்கிறான் என்றாலும், நாள் முழுக்கக் கை தொங்கிக்கொண்டிருந்தபோது ஒழுகிய துருதான் அதிகம். ஆகவே கையில் தாரை விரல் பக்கம் இறங்க வேண்டும்.

பித்தளை துருப்பிடிக்காது, களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட குத்துவிளக்கின் வேலைப்பாட்டு இடுக்கில் பார்த்திருப்பீர்களே, அந்த நீலப்பச்சை. நீலப்பச்சைப் பெயிண்டைத் தண்ணீர்போல நீர்த்து, பித்தளைக் கரையின் பள்ளங்களில் மட்டும் விடுங்கள். சிட்டாடலின் நிஹிலாக் ஆக்ஸைடு இதற்கென்றே செய்தது. மேடான இடங்களில் படிந்ததை ஈர விரலால் துடைத்துவிடலாம். சிவப்புக் கவசத்தில் இந்தப் பச்சை எதிர்நிறமாக நின்று மொத்த உருவத்தையும் தூக்கிக் கொடுக்கும். அதனாலேயே கை தாராளமாகிவிடும். கழுத்துக் கரையிலும் ஒரு முழங்காலிலும் வைத்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்க்கும் அழுக்கு

இதுவரை வைத்த தழும்பு, துரு, களிம்பு எல்லாம் தனித்தனியாக ஒட்டவைத்தவைபோல் தெரியும். அவற்றை ஒரே கவசமாக்குவது ஆயில் வாஷ்.

முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து ஒருநாள் காயவிடுங்கள். இது இரண்டு வேலை செய்கிறது: டர்பன்டைன் கீழே இருக்கும் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் தொடாமல் காக்கும், வழுவழுப்பான பரப்பில் வாஷ் தானாகவே இடுக்கைத் தேடி ஓடும். பர்ன்ட் அம்பரை மிளகளவு எடுத்து, கருப்பு ஆயில் கலர் ஒரு துளி சேர்த்து, டர்பன்டைனில் டிகாஷன் பதத்துக்குக் கரையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் நுனியை ஒரு இடுக்கில் தொட்டால் போதும், கோடு தானே நீளமாக ஓடிப் போகும்.

இருபது நிமிடம், அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மேக்கப் ஸ்பாஞ்சையோ காதுக் குச்சியையோ டர்பன்டைனில் லேசாக நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். பக்கவாட்டில் துடைக்கவே கூடாது. மேடான இடங்கள் தெளிந்து வரும், இடுக்குகளில் அழுக்கு நிற்கும், நடுவில் மழை ஓடியதுபோல மங்கலான தாரைகள் தங்கும். பிடிக்கவில்லை என்றால் முழுவதையும் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம். ஆயில் மெதுவாகக் காய்வதால் அந்த வசதி. காய இரண்டு நாள் கொடுங்கள். அவசரப்பட்டு அடுத்த படிக்குப் போனால் விரல் ரேகை பதியும்.

வார்னிஷும் புது வெட்டும்

ஆயில் காய்ந்ததும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். சிவப்புத் தகடுகளுக்கு அது அழகு. ஆனால் எஃகின் மினுக்கை அது கொன்றுவிடும், வெள்ளி சாம்பலாகிப் போகும். ஆகவே நான் ஸ்பிரே அடிப்பதில்லை. பிரஷ்ஷால் வண்ணப் பகுதிகளுக்கு மேட், வெறும் எஃகுக்கு அரைப் பளபளப்பான சாட்டின் என்று பிரித்துப் பூசுவேன். கொஞ்சம் நேரம் கூடும், பலன் கண்கூடாகத் தெரியும்.

இப்போதுதான் இன்று காலை விழுந்த வெட்டுகள். ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வரை எடுத்து, இடது தோளில் ஒன்று, கேடய விளிம்பில் இரண்டு மூன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. அழுக்குக்கு மேலே, துருவுக்கு மேலே, நேர்க்கோடாக. மேல்பக்கம் ஒட்டி ஒரு கருங்கோடு வைத்தால் ஆழம் வரும். அப்புறம் உரசும் இடங்கள்: முழங்கை முனை, விரல் மூட்டுகள், வாளுறை தேய்க்கும் தொடை. இங்கே கோடு வேண்டாம். பிரஷ்ஷின் பக்கவாட்டால் லேசாகத் தடவினால் தேய்ந்து மெருகேறிய தோற்றம் வரும்.

சேறு

கடைசி வேலை இது. பிக்மென்ட் என்ற மண்நிறப் பொடியை முழங்கால் வரைக்கும், அங்கியின் ஓரத்திலும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் தடவி, டர்பன்டைனை ஒரு சொட்டு பக்கத்தில் வைத்தால் அது தானே பரவிப் பொடியைப் பிடித்துக்கொள்ளும். பீடத்தின் மண்ணுக்கு எந்த நிறம் வைத்தீர்களோ அதே நிறப் பொடிதான் காலிலும் வர வேண்டும். செம்மண்ணில் நிற்பவன் காலில் சாம்பல் சேறு இருந்தால் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும், ஏனென்று சொல்லத் தெரியாது. பாதத்தில் கனமாக, கணுக்காலுக்கு மேலே தெறிப்பாக. தெறிப்புக்கு, நீர்த்த பழுப்பில் தோய்த்த பழைய டூத் பிரஷ்ஷை விரலால் வருடிவிடுங்கள். முன்னால் ஒருமுறை காகிதத்தில் சோதித்துக்கொள்ளுங்கள், முகத்தை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

சேறு வைக்கும்போது முழங்காலுக்குக் கீழே வைத்த புது வெட்டு மூடிப்போயிருக்கலாம். அவன் சேற்றில் நடந்து வந்த பிறகு விழுந்த வெட்டு அது. அதே இடத்தில் வெள்ளியை இன்னொரு முறை இழுத்துவிடுங்கள்.